ரோடு வருகிறது... வாய்க்கால் எங்கே போகும்?

போன மாதம் ஒரு கிராமத்தில் விதைநேர்த்திப் பயிற்சி. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்று கலந்து காட்டி முடித்துவிட்டு, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். வழக்கமாக, யூரியா எப்போது வரும், மானிய விதை எத்தனை மூட்டை என்றுதான் கேட்பார்கள். அன்றைக்குப் பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார்.

"சார், எங்க ஊரு வழியா புறவழிச்சாலை வருது. என் ஒன்றரை ஏக்கருக்கு நடுவுல போகுது. 'ஹேம்' திட்டம்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன சார்? மிச்சம் இருக்கிற நிலத்துக்குத் தண்ணி எப்படி வரும்?"

"ஏ.ஓ. சார்கிட்ட போய் ரோட்டைப் பத்திக் கேக்குறான் பாரு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டிருக்கிறேன். அதற்கு நாற்பது ஏக்கர் சம்பா விலையாகப் போனது.

படிவத்தில் இல்லாத கலம்

சில ஆண்டுகளுக்கு முன்பு டெல்டாவில் ஒரு வட்டாரத்தில் வேலை பார்த்தேன். இரண்டு ஊர்களை இணைக்கும் சாலையை அகலப்படுத்தி, உயர்த்திப் போட்டார்கள். பழைய சாலை ஓர் இடத்தில் தாழ்ந்து, தரைப்பாலமாக இருக்கும். பெருமழை பெய்தால் மேற்கே உள்ள வயல்களின் வடிகால் தண்ணீர் சாலைக்கு மேலேயே முழங்கால் அளவு ஓடி, கிழக்கே போய்விடும். இரண்டு நாள் பஸ் வராது. ஆனால், பயிர் பிழைத்துக்கொள்ளும்.

புதிய சாலை மூன்றடி உயர்ந்தது. தரைப்பாலம் போய், அந்த இடத்தில் ஒரே ஒரு குழாய் வந்தது. இனி மழைக்காலத்திலும் பஸ் வரும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான்.

அவர்கள் கல் நட்டு அளவெடுத்த நாளில் நான் அந்த வழியாகத்தான் போனேன். அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அது நம்ம துறை இல்லை' என்று போய்விட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. குழாய் வாயில் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் அடைத்துக்கொண்டன. சாலை கரை மாதிரி நின்றது. நட்டு நாற்பது நாள் ஆன சி.ஆர். 1009 பயிர் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு பார்த்தால் தூர் கரைந்து, சேற்றோடு சேறாகக் கிடந்தது.

வருவாய்த் துறையோடு சேர்ந்து பயிர்ச் சேதக் கணக்கெடுக்கப் போனேன். சேதம் 33 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம். சர்வே எண், பரப்பு, பயிர், வயது, சேத சதவிகிதம், காரணம் என்று கலம் கலமாக எழுதிக்கொண்டு வந்தேன். காரணம் என்ற கலத்தில் எல்லோருக்கும் 'கனமழை'. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் கேட்டார்:

"தம்பி, மழை மழைன்னு எழுதுறீங்க. மழை என் தாத்தா காலத்துலேருந்து பெய்யுது. ரோடு போட்டதை எந்தக் கலத்துல எழுதுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான் சாலை ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

யாரைக் கேட்பது?

முதலில் ஒப்பந்தக்காரரிடம் போனோம். "வரைபடத்துல ஒரு குழாய். நான் ஒரு குழாய் வெச்சேன். ரெண்டு போட்டிருந்தா ரெண்டு வெச்சிருப்பேன். எனக்கென்ன நஷ்டம்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பொறியாளரிடம் போனோம். "மதிப்பீட்டில் இல்லை. இனி திருத்திய மதிப்பீடு போட்டு, மேலே அனுமதி வாங்கணும்" என்றார். அதிலும் பொய் இல்லை. ஆனாலும் தண்ணீர் நின்றது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சொன்ன ஒன்று மனதில் தங்கிவிட்டது. "ரோட்டை யார் போடுறாங்கன்னு பார்க்காதீங்க. யார் வரைஞ்சாங்க, யார் பணம் போட்டாங்க, போட்ட பிறகு எத்தனை வருஷம் யார் பார்த்துக்கணும்னு பாருங்க. இந்த மூணுக்கும் பதில் ஒப்பந்த முறையிலயே இருக்கு."

அவர் சொன்னதை நம் தொழிலோடு பொருத்திப் பார்த்தேன். விளங்கியது.

அடிக் கணக்கும் முழு ஒப்பந்தமும்

போர்வெல் போடுகிறோம். இடத்தை நாம் காட்டுகிறோம். வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று ஓட்டுகிறார். தண்ணீர் வராவிட்டால் அவரைக் கேட்க முடியாது. இடம் காட்டியது நாம். சாலையிலும் பழைய முறை இதுதான். அரசுத் துறையே வரைபடம் போட்டு, மண் வேலை இத்தனை கன மீட்டர், ஜல்லி இத்தனை, குழாய் இத்தனை என்று பட்டியல் தயாரித்து, டெண்டர் விடும். ஒப்பந்தக்காரர் செய்த வேலையை அளந்து, எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிப் பணம் கொடுப்பார்கள். இதற்கு 'அயிட்டம் ரேட்' என்று பெயர். கிராமச் சாலைகளும் சிறிய சாலைகளும் பெரும்பாலும் இப்படி அளந்து கொடுக்கும் முறையில்தான் நடக்கின்றன. எங்கள் ஊர்ச் சாலையும் அப்படித்தான்.

இதில் அளவைக் கூட்டிக் காட்டும் ஆசை வரலாம் என்பது குறை. வேலை நடக்கும்போதே ஒரு குழாயைச் சேர்க்க வேண்டுமென்றால், அதற்கான விலை பட்டியலிலேயே இருக்கும் என்பது நிறை. அனுமதிதான் வேண்டும். எனவே, இதில் நாம் பேச வேண்டிய ஆள் பொறியாளர். நேரம், மதிப்பீடு போடுவதற்கு முன்பு.

அடுத்தது, சொட்டுநீர் போடுகிற மாதிரி. நிறுவனத்துக்காரர் வந்து வயலை அளக்கிறார், அவரே வரைபடம் போடுகிறார், குழாய் பதிக்கிறார், ஓட்டிக் காட்டுகிறார். சாலையில் இதற்கு 'இ.பி.சி.' என்று பெயர். பொறியியல் வடிவமைப்பு, பொருள் கொள்முதல், கட்டுமானம் மூன்றும் ஒரே கையில். மொத்தத் தொகை முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். அரசுக்குச் செலவு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும், வேலை வேகமாக நடக்கும், 'படம் தப்பு' என்று ஒப்பந்தக்காரர் கைகழுவ முடியாது.

ஆனால், மொத்தத் தொகை என்பதால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அயிட்டம் ரேட்டில் ஒரு குழாய் கூடினால் ஒப்பந்தக்காரருக்கு நஷ்டம் இல்லை. இ.பி.சி.யில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு குழாயும் அவர் கையிலிருந்து போகும் காசு. ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்வார். எழுதாததை ஏன் செய்யப் போகிறார்? நல்லவர், கெட்டவர் என்ற பேச்சே இங்கு இல்லை. நாமும் நடவை மொத்தமாகப் பேசி விட்டால், கன்றுகளின் இடைவெளி கொஞ்சம் அகலத்தானே செய்கிறது!

குத்தகையும் வாரமும்

பெரிய சாலைகளில் அரசிடம் முழுப் பணமும் இருக்காது. அப்போது வருவது குத்தகை மாதிரியான முறை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தன் செலவில் பயிர் வைத்து, விளைச்சலை எடுத்துக்கொள்கிறார். காலம் முடிந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். சாலையில் இது 'பி.ஓ.டி.'. நிறுவனம் கடன் வாங்கிச் சாலை போட்டு, பல ஆண்டுகள் சுங்கம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும். வண்டிகள் குறைந்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு.

இதிலேயே இன்னொரு வகை, சுங்க வசூலை நம்பாமல் அரசிடமிருந்து ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகை பெறுவது. தாம்பரம்–திண்டிவனம் நான்கு வழிச்சாலை அப்படி 'ஆன்யுட்டி' முறையில் போடப்பட்டதுதான்.

2010-களின் தொடக்கத்தில் பல பி.ஓ.டி. திட்டங்கள் கடனில் சிக்கி நின்றன. எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை, நிலம் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, வங்கிகள் பின்வாங்கின. அதனால்தான் அரசு இ.பி.சி. பக்கம் திரும்பியது. பிறகு 2016-ல் வந்ததுதான் நம் நண்பர் கேட்ட 'ஹேம்'.

இது வாரத்துக்கு விடுவது மாதிரி. செலவில் இருவருக்கும் பங்கு. கட்டுமானச் செலவில் 40 சதவிகிதத்தை வேலை நடக்க நடக்க அரசு கொடுக்கும். மீதி 60 சதவிகிதத்தை நிறுவனம் தன் பணத்திலும் கடனிலும் போட வேண்டும். சாலை திறந்த பிறகு, வட்டியோடு சேர்த்து அரசு அதை 15 ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாகக் கொடுக்கும். பராமரிப்புக்குத் தனித் தொகை உண்டு. சுங்கம் வசூலாவது அரசுத் தரப்புக்கு. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் நிறுவனத்தின் தவணை நிற்காது. டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம், விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம், சோழபுரம்–தஞ்சாவூர் பகுதிகள். இரண்டும் ஹேம் முறையில் எடுக்கப்பட்டவை.

எந்தச் சாலைக்கு எந்த முறை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? வண்டிகள் நிறைய ஓடி, சுங்கத்திலேயே முதல் திரும்பும் என்றால் பி.ஓ.டி. அந்த அளவு இல்லை, ஆனால் தனியார் பணத்தையும் நீண்டகாலப் பராமரிப்பையும் கொண்டுவர வேண்டும் என்றால் ஹேம். தனியார் முதலீடு வராது, அரசே பணம் போட வேண்டும் என்றால் இ.பி.சி. சின்ன வேலை, துறையே வரைந்து மேற்பார்வை பார்க்க முடியும் என்றால் அயிட்டம் ரேட். விதை ரகம் மாதிரிதான். எல்லா மண்ணுக்கும் ஏற்ற ரகம் என்று ஒன்று கிடையாது.

பராமரிப்பு யார் தலையில்?

போட்டுவிட்டுப் போகிறவரையும், போட்டுவிட்டு உடன் இருக்கிறவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். சாலையோரப் பலகையில் செலவு, ஒப்பந்தக்காரர் பெயர், பராமரிப்புத் தொகை எல்லாம் எழுதியிருக்கும். நம்மில் பலர் அந்தப் பலகையில் நெல் மூட்டையைச் சாய்த்து வைப்போமே தவிர, படிப்பதில்லை. குழாய் அடைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுக்குள் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

தமிழக நெடுஞ்சாலைகளில் இன்னொரு முறையும் இருக்கிறது. ஒரு பகுதியின் சாலைகளை மொத்தமாக ஒருவரிடம் சில ஆண்டுகளுக்கு ஒப்படைத்து, சாலை நன்றாக இருந்தால்தான் பணம் என்று வைப்பது. பொள்ளாச்சிப் பக்கம் இது நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பள்ளம் விழுந்தால் அவர் பணத்தில்தான் கை வைப்பார்கள் என்பதால், பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்ள அவருக்கே அக்கறை வரும்.

அப்படியானால் 15 ஆண்டுகள் உடன் இருக்கும் ஹேம்தான் நமக்கு நல்லதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பொறியாளர் என்னைத் திருத்தினார். "15 வருஷம் பார்த்துக்கணும்னா ரோட்டுல தண்ணி நிக்காம பார்த்துப்பான். அது நிச்சயம். ஆனா ரோட்டுல நிக்கக் கூடாத தண்ணி உங்க வயல்ல நின்னா அவனுக்கு என்ன?"

இதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம். எந்த ஒப்பந்த முறையும் சாலையைக் காப்பாற்றத்தான் எழுதப்படுகிறது. வயல் அதில் தானாக வந்துவிடாது. யாராவது எழுத வைத்தால்தான் வரும்.

எழுத வைப்பது எப்படி?

ஹேம், இ.பி.சி. ஒப்பந்தங்களில் 'அட்டவணை பி' என்று ஒரு பகுதி உண்டு. எந்த இடத்தில் பாலம், எங்கே பெட்டி மதகு, எங்கே குழாய், எங்கே சுரங்கப்பாதை, எவ்வளவு தூரம் சர்வீஸ் ரோடு என்று கிலோமீட்டர் கணக்கில் அதில் இருக்கும். கையெழுத்தான பிறகு அதில் இல்லாததைக் கேட்டால், அது 'வேலை மாற்றம்' ஆகிவிடும். அதற்குத் தனி மதிப்பீடு, தனி அனுமதி, தனிப் பணம். கையெழுத்துக்கு முன்பு ஒரு மனுவில் முடிவது, பின்பு மூன்று போகத்தைத் தின்றுவிடும்.

அதனால் அந்த நண்பரையும் அவர் பக்கத்து வயல்காரர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலைச் சுற்றி வந்தேன். நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்கள் ஊருக்கும் பயன்படலாம்.

முதலில் புலப்படங்களை எடுத்தோம். சாலை போகும் சர்வே எண்கள் ஒவ்வொன்றிலும் பாசன வாய்க்கால் எங்கே வருகிறது, வடிகால் எங்கே போகிறது, வண்டிப்பாதை எது என்று மூன்று நிறத்தில் குறித்தோம். புலப்படத்தில் இல்லாத, ஆனால் அனுபவத்தில் உள்ள கிளை வாய்க்கால்களையும் சேர்த்தோம். வெளியூரிலிருந்து வந்து அளக்கிறவருக்கு ஆனியில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.

இரண்டாவது, பெருமழையில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதற்கு அடையாளம். கோயில் சுவர், மோட்டார் கொட்டகை, பனைமரம் என்று வயதானவர்கள் காட்டிய இடங்களை அளந்து, போட்டோ எடுத்தோம்.

மூன்றாவது, கேட்பதைத் தெளிவாகக் கேட்டோம். வடிகாலுக்குக் குழாய் வேண்டாம், பெட்டி மதகு வேண்டும். குழாய் அடைத்தால் உள்ளே ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய முடியாது. சாலைக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள் மோட்டார் தண்ணீரைக் கொண்டுபோக, சாலைக்கு அடியில் இப்போதே வெற்றுக் குழாய் பதித்து வைக்க வேண்டும். பிறகு சாலையைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள். சுரங்கப்பாதை மாட்டுக்கும் டிராக்டருக்கும் மட்டும் போதாது. அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி நுழையும் உயரம் வேண்டும். இல்லாவிட்டால் அறுவடை நேரத்தில் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அந்த வாடகையும் நம் தலையில்தான்.

நான்காவது, காலக்கெடு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி 3ஏ அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் நில எடுப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் ஆட்சேபணை தரலாம். நிலத்தை இழக்கிறவர்கள் இழப்பீட்டை மட்டும் எழுதாமல், மிஞ்சும் நிலத்தின் தண்ணீரையும் வழியையும் சேர்த்து எழுத வேண்டும். 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுக்குச் சொந்தம். அதோடு, ஆலோசனை நிறுவனம் விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும் நாளிலேயே நெடுஞ்சாலைப் பிரிவுக்கும் நீர்வளத் துறைக்கும் கலெக்டருக்கும் ஒரே மனுவைக் கொடுக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

ஐந்தாவது, ஒப்பந்தமாகிவிட்டால் என்ன முறை, அட்டவணை பி-யில் நம் ஊருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே டெல்டா ஊரில் பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காய்கறி வாடாமல் சந்தைக்குப் போவதும் சாலையால்தான். சாலையும் வேண்டும், அதற்குக் கீழே தண்ணீருக்கு வழியும் வேண்டும்.

அந்தப் பெரியவரின் ஊரில் இரண்டாவது குழாய் வந்தது. மூன்றாவது ஆண்டில். நடுவில் இரண்டு சம்பா போயிற்று. நான் வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதிப்பீட்டில் ஒரு வரி கூடியிருக்கும். அவ்வளவுதான்.

புறவழிச்சாலை நண்பரின் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இடத்தைப் பார்க்க வருவதாக மட்டும் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது நானும் வருவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பயிர்ச் சேதக் கணக்குப் படிவம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கலம் உண்டு. முன்பெல்லாம் அதைக் கோடு போட்டு விட்டுவிடுவேன். இப்போது தண்ணீர் எதனால் நின்றது, எந்த இடத்தில் வழி இல்லை என்று அதில் எழுதுகிறேன். பெரியவர் கேட்ட கேள்விக்குத் தாமதமாக நான் கண்டுபிடித்த கலம் அது.